மணி அடிக்காத சனிக்கிழமை

எனக்கு அநியாயம் செய்தவன் சிவபாலன். இங்கே பாடன் நகருக்குப் பக்கத்தில், தண்ணீரில் ஓடும் பழைய மாவு ஆலை ஒன்றை மியூசியமாக வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் பார்வையாளருக்குக் கோதுமை அரைத்துக் காட்டுவது எங்கள் இருவரின் வேலை. இந்த வேலையில் தண்ணீரைக்கூட நம்பலாம், பக்கத்தில் நிற்பவனை நம்ப முடியாது. அப்படி ஒருவனோடு மாரடிக்கும் உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

புகை

தானியம் முடிந்தால் கல்லோடு கல் உரசித் தீப்பொறி பறக்கும். ஆலை முழுக்க மரம். அதனால் தானியப் பெட்டிக்கு அடியில் ஒரு தோல்வார் உண்டு. தானியம் அழுத்தும் வரைக்கும் அது இறுகி நிற்கும். பெட்டி வெறுமையானால் தளர்ந்து மணியை அடிக்கும்.

அன்றைக்கு மணி அடிக்கவில்லை. கருகல் நாற்றம் வந்ததும் ஓடிப்போய்த் தண்ணீர்க் கதவை இறக்கிச் சக்கரத்தை நிறுத்தினேன். அதற்குள் கல் கருகிவிட்டது. நான் வாரை மணியில் கொழுவ மறந்துவிட்டேன் என்று சிவபாலன் என்மேல் பழியைப் போட்டு மியூசியப் பொறுப்பாளர் அம்மாவிடம் சொல்லிவிட்டான். அறுபது தாண்டிய எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்? பொறுப்பாளர் அம்மா என் கையில் விளக்குமாற்றைத் தந்து சொன்னார்: "கல் திருத்துபவர் வந்து பார்க்கட்டும். நீங்கள் இங்கே இருப்பதா இல்லையா என்று பிறகு சொல்கிறேன்."

வாளி

அடுத்த சனிக்கிழமை வாசலைக் கூட்டிக்கொண்டு நின்றேன். ஓஸ்டர்முண்டிகன் என்ற ஊரிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் மூடி போட்ட வாளியோடு வந்தார். உள்ளே புட்டு மாவுக்கு ஊறவைத்து வடித்த சிவப்பரிசி.

"தங்கச்சி, இது கோதுமை அரைக்கிற கல்லு. ஈர அரிசி போட்டால் களியாய் ஒட்டிப்போகும்" என்றேன்.

அவர் நம்பவில்லை. "சும்மா சொல்லாதேங்கோ அண்ணை. போன சனி விடிய என்ரை சிநேகிதிக்குச் சிவபாலன் அண்ணை அரைச்சுக் குடுத்தவரெல்லோ?"

கத்தி

திங்கட்கிழமை கல் திருத்துபவர் வந்தார். பெட்டிக்குள் கையை விட்டுக் கத்தியால் சுரண்டினார். காய்ந்த அரிசிக் கட்டி ஒன்று உடைந்து விழுந்தது. தளர வேண்டிய வாரை அதுதான் பிடித்து வைத்திருந்தது. பொறுப்பாளர் அம்மா என்னைப் பார்த்தார். வாளிக்காரி சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் சொன்னேன். அவர் சிவபாலனைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக் கதைத்தார். பிறகு விளக்குமாறு அவன் கைக்குப் போனது. நான் கல்லடிக்குத் திரும்பினேன்.

பின்னேரம் சிவபாலன் கூட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தான். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"அண்ணை, நான் அரைச்சுக் குடுத்தவையளுக்குப் புட்டு நல்லாய் வந்ததாம்."

வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, நித்திரையும் வருகிறது, "பிழை என்ரை" என்ற இரண்டு சொல்தான் சிவபாலனிடமிருந்து இன்னும் வந்து சேரவில்லை.