அமுதவல்லி கூறிய ஏலம்

அமுதவல்லிக்கு வெண்கலத் தொண்டை. அவள் அம்மா செல்வாம்பாள் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். அம்மாவுக்கு ஒத்தாசையாகப் போய், ஏலக் கூச்சலுக்கு மேல் கூச்சல் போட்டுப் பழகிய தொண்டை அது. 2006இல் அவளும் நானும் பிளஸ் ஒன். "பள்ளிக்கூடத்துலேந்து உன்னப் பத்தி ஒரு பேச்சு வரட்டும், மறுநாளே படிப்ப நிறுத்திட்டுக் கூடையத் தூக்க வச்சிடுவேன்" என்று அம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அவளுக்கோ நர்ஸ் ஆக வேண்டும் என்று வெறி. அதனால் பல மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

மூடிக்கொண்டிருக்கும்படியா இருந்தது அந்தப் பள்ளிக்கூடம்? காலையில் வாசல் மதில்மேல் செல்வகுமார் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருப்பான். உள்ளே வரும் ஒவ்வொரு பெண்ணையும் ஏலம் விடுவான். "வஞ்சிரம் வருது, ஐந்நூறு!" "சங்கரா, கொஞ்சம் நாள்பட்டது, நூறு!" என்னைக் கண்டால் பொடிமீன் பேர்தான், "காரப்பொடி, ஓசியில எடுத்துக்கடா!" நான் அழுதுகொண்டே வகுப்புக்குப் போவேன். அவன் அப்பா சக்கரபாணி பெற்றோர் சங்கத் தலைவர். அந்தத் திமிர்.

தலைமையாசிரியர் ஜானகிராமனிடம் போய்ச் சொன்னோம்.

"பசங்கன்னா அப்படித்தாம்மா இருப்பானுங்க. நீங்க கக்கூஸ் பக்கம் இருக்கிற பின் கேட்டால வந்துடுங்க" என்றார்.

அவர்கள் மதில்மேல், நாங்கள் சாக்கடை ஓரம்! வெளியே வந்ததும் அமுதவல்லி பல்லைக் கடித்தாள். "இருடி ஷாஹீனு, இவனுங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஆப்பு வெக்கிறேன்."

ஆண்டு விழா வந்தது. மைக் மக்கர் பண்ணினாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்று நன்றியுரையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். எல்லாருக்கும் நன்றி சொல்லி முடித்தவள், "மாணவர் செல்வகுமாரை மேடைக்கு அழைக்கிறேன்" என்றாள். ஏதோ பரிசு என்று நினைத்து அவன் பல்லைக் காட்டியபடி ஏறினான்.

அவள் அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "நல்லாப் பாத்துக்கங்க. செவுள் வெளுத்துப் போச்சி, வாய் மட்டும் அகலம். நூறு ரூபா! யாரு கேக்கறது?"

கேட்க ஆளில்லாவிட்டால் துறைமுகத்தில் விலையை இறக்குவார்கள். அவளும் இறக்கினாள். "அம்பது! பத்து! ஒரு ரூபா! ஓசியிலயாவது யாருக்காச்சும் வேணுமா?"

"வேணாம்!" என்று அத்தனை பெண்களும் கத்தினோம். அவ்வளவு இனிப்பான சொல்லை நான் அதுவரை சொன்னதில்லை.

முன்வரிசையில் சக்கரபாணி சால்வையோடு துள்ளி எழுந்தார். "எம் புள்ளையவா ஏலம் உடுற?"

"உங்க புள்ள தெனமும் எங்கள உடுறாருங்க. பசங்கன்னா அப்படித்தான்னு எச்.எம். சாரே சொன்னாரு."

செல்வகுமார் மேடையிலேயே அழுதுவிட்டான். நன்றாக அழட்டும் என்று கண்குளிரப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் செல்வாம்பாளை வரவழைத்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அமுதவல்லியின் படிப்பு போச்சு என்றே நினைத்தேன். மேடையேறி மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் டி.சி. வாங்கிக்கொண்டு போகலாம் என்றார் ஜானகிராமன்.

முந்தின நாள் மேடையில் மகள் சொன்னது செல்வாம்பாள் காதுக்கும் வந்திருந்தது. அவர் மகளைப் பார்த்தார். "மெய்யாலுமே அவன் உன்ன ஏலம் உட்டானா?"

"ஆமாம்மா. எல்லாரையும்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"படிப்ப நிறுத்திடுவியேன்னு."

செல்வாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். "மன்னிப்புத்தான சார்? கேப்பா. எல்லாப் பெத்தவங்களையும் கூப்புடுங்க. எதுக்கு இவ மன்னிப்புக் கேக்கறான்னு அவங்க கேப்பாங்க இல்ல, அத நான் மேடையேறிச் சொல்றேன். எந்த நாளுன்னு மட்டும் நீங்க சொல்லுங்க."

ஜானகிராமன் நாள் சொல்லவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே, "கிளாஸுக்குப் போம்மா" என்றார்.