அதே பெயர், அதே சைஸ்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலூரிலிருந்து செல்வம் போன் செய்தான். கூடப் படித்தவன். குடிகாடு பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை.

"மச்சான், கம்ப்யூட்டர்ல வைரஸ் பூந்துடுச்சுடா. பாப்பா போட்டோ ஒன்னுகூட தொறக்க மாட்டேங்குது."

பாப்பா என்றால் நிலா, அவனுக்கும் அமுதாவுக்கும் ஒரே மகள். போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். நாலு வயசு. அவள் பிறந்ததும் டிஜிட்டல் கேமரா வாங்கி எடுத்துத் தள்ளியவன் இவன். பிரிண்ட் போட்டானா? நாம் யார்தான் போடுகிறோம்?

"அமுதாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலடா. வருஷ நினைவுக்குப் பெருசா ஒரு படம் மாட்டணும்னு கேட்டுக்கிட்டே இருக்கா."

சிதம்பரத்தில் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே யோசனை. வைரஸ் படங்களைப் பூட்டி வைத்திருந்தால், சாவியும் அந்த வைரஸுக்குள்ளேயே இருக்கலாம், மீட்டுவிடலாம். அழித்திருந்தால்...

அவன் வீட்டுக்குப் போனதும் வைரஸ் ஃபைலை மட்டும் ஜாக்கிரதையாக என் லேப்டாப்புக்கு எடுத்துக்கொண்டேன். கறுப்புத் திரையில் கட்டளை அடித்து இயக்கும் கருவி ஒன்று என்னிடம் உண்டு. எந்த புரோகிராமையும் பிரித்துப் போட்டு, அது கம்ப்யூட்டருக்கு என்னென்ன உத்தரவு போடுகிறது என்று வரிவரியாகக் காட்டும். கண்ணைப் பிடுங்கும் வேலை. செல்வம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

மத்தியானம் அந்த இடம் சிக்கியது. படத்தைத் தேடு. திற. படத்துக்கு மேலேயே தலை முதல் கால் வரை பூஜ்ஜியம் எழுது. மூடு. அடுத்த படம்.

சாவி எங்கே? பூட்டே இல்லையே!

"கேமரா கார்டு? சொந்தக்காரங்க யார்கிட்டயாவது?"

"கார்ட அழிச்சிட்டுத்தான்டா அடுத்தது எடுப்பேன். யாருகிட்டயும் இல்ல." சட்டென்று திரையைக் காட்டினான். "சைஸ் அப்பிடியே காட்டுதே மச்சான்... உள்ளாற ஒன்னும் இல்லாமயா காட்டும்?"

"எல்லாம் பூஜ்ஜியம்டா."

பின்னால் டம்ளர் வைக்கும் சத்தம். அமுதா. எவ்வளவு நேரமாக நின்றாளோ!

அழவில்லை. வந்து மவுஸைப் பிடித்தாள். 'பாப்பா பர்த்டே', 'பாப்பா பீச்' – அவளே வைத்த பெயர்கள், வரிசை கலையாமல். ஒவ்வொன்றாக கிளிக் செய்தாள். ஒவ்வொன்றும் திறக்க மறுத்தது. அவள் நிறுத்தவில்லை. 

திருடன் என்றால் எடுத்ததை விற்றுத் தின்பான். இதில் யாருக்கு என்ன கிடைத்தது? எங்கோ ஒருவன், முகம் தெரியாத ஒரு வீட்டைத் துடைத்துப் போடுவதற்காக, ஒரு பிழையும் இல்லாமல் எழுதியிருக்கிறான்.

அமுதா மவுஸை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏண்ணே... இத எழுதுனவனுக்குப் புள்ளைங்க இருக்குமா?"

வரி விடாமல் படித்தவன் நான்தான். அது எந்த வரியிலும் இல்லை.