மழையில் யார் பால் வெட்டுவார்கள்?

என் நாவல் வெளிவந்து மூன்றாவது வாரம், கேகாலை டவுனில் அதை விற்றுத் தருவதாக வாங்கி வைத்திருந்த புத்தகக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். நான் கந்தோர் வேலை முடிந்து பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

"மிஸ், ஒங்கட புத்தகத்த ரெண்டு பேர் திருப்பிக் கொண்டு வந்து தந்தாங்க. ஒருத்தர் இதுல எதுக்குப் பேய் வருதுன்னு கேக்குறார். மத்தவர் பேய் இன்னம் கொஞ்சம் வந்திருக்கலாம்னு சொல்றார்."

"நீங்க வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன். எனக்கு அந்தக் காதல் பகுதிதான் புடிச்சிச்சு. கொலைய மட்டும் எடுத்துட்டா நல்ல குடும்பக் கதை."

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை நின்ற இடத்திலேயே அந்த மூன்று பேரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். நான் கோபக்காரி. நல்ல வார்த்தை சொன்னவர்களை மறந்துவிடுவேன், குறை சொன்னவர்களின் சட்டை நிறம்கூட ஞாபகம் இருக்கும்.

நான் எழுதியது ஒரு ரப்பர் தோட்டத்துக் கொலைக் கதை. விடியற்காலை, கொட்டுகிற மழை. மலைச்சரிவில் ரப்பர் மரங்களுக்கு நடுவே தோட்டத்துக் கணக்கப்பிள்ளை செத்துக் கிடக்கிறார். அந்த நேரம் மேல் வரிசையில் பட்டையைச் சீவிப் பால் வெட்டிக்கொண்டிருந்ததாகச் சொல்லும் ஒருவன், அலறல் கேட்டது, பால் ஸ்டோரில் வேலை செய்பவன் ஓடியதைக் கண்டேன் என்று சாட்சி சொல்கிறான். ஸ்டோர்காரனுக்குத் தண்டனை கிடைப்பதோடு கதை முடிகிறது. நடுவில் ஒரு காதல் உண்டு. ஒரு பேயும் உண்டு. எப்போதோ அந்தச் சரிவில் இறந்துபோன தொழிலாளி ஒருவன் மழை நாட்களில் வந்து மரப்பட்டையைச் சீவுகிறான். ஆள் தெரியமாட்டான், கத்திச் சத்தம் மட்டும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் வரை கேட்கும். ஓர் அத்தியாயம் முழுவதையும் அந்தப் பேயே சொல்கிறது.

அந்தப் பேயை நான் கற்பனை செய்யவில்லை. மழையில் கத்திச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காதே என்பது, நான் பிறந்த லயத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லும் பயமுறுத்தல். அதை அப்படியே எடுத்துப் போட்டேன்.

அபிப்பிராயங்கள் வந்துகொண்டே இருந்தன. கந்தோரில் பக்கத்து மேசைக்காரி, கதையை வாசித்ததிலிருந்து தனியாகப் பின்வாசலுக்குப் போவதில்லை என்று குறைப்பட்டாள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர் எழுந்து, தோட்ட மக்களின் துயரத்தை எழுத வேண்டிய கை துப்பறியும் கதை எழுதப் போய்விட்டதே என்று வருத்தப்பட்டார். கைதட்டலும் வாங்கினார். எனக்குக் காது சூடானது. எங்கள் ஆட்களுக்குத் துயரப்படத்தான் அனுமதியா? பயந்து, பக்கத்தைப் புரட்டி, யார் கொன்றது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள எங்களுக்கு உரிமை இல்லையா? இதையெல்லாம் அங்கே கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது கேட்டேன்.

பிறகு கொழும்பிலிருந்து பதிப்பாளர் பேசினார். இருந்த பிரதிகள் தீர்ந்துவிட்டன, இரண்டாம் பதிப்புப் போடலாம், ஆனால் ஒரு நிபந்தனை என்றார்.

"பேய எடுங்க மிஸ். இல்லாட்டி கொலைய எடுங்க. ரெண்டும் சேர்ந்து கெடக்குறதால இத எந்த அலுமாரியில வைக்கிறதுன்னு யாருக்கும் வெளங்கல. இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. இல்லாட்டி விட்டுருவோம்."

விட்டுருவோம் என்றால் புத்தகம் அதோடு சரி. ஐந்து வருடம், சனி ஞாயிறெல்லாம் தின்று வளர்ந்த புத்தகம் அது. அது பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு ஆசை இருக்கவில்லை. பேயை எடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். தீர்மானித்துவிட்டு அழுதேன்.

அந்த வாரத்திலேயே, மழை பிடித்துக்கொண்ட ஒரு புதன்கிழமை காலையில், என் பள்ளித்தோழி கூப்பிட்டாள். சாதாரணதரப் பரீட்சை வரை என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். நான் கந்தோர் வேலைக்கு வந்தேன். அவள் நாங்கள் பிறந்த தோட்டத்திலேயே பால் வெட்டப் போனாள். இத்தனை வருடமும் கல்யாணம், சாவு என்றால்தான் பேசிக்கொள்வோம்.

"ஒன் புத்தகத்த இங்க எல்லாரும் வாசிச்சிட்டோம். ஒன்னைய ஒரு கேள்வி கேக்கணும். இப்ப வா."

"இப்பவா? கந்தோர்ல இருக்கேன்டி."

"இப்ப வந்தாத்தான் எல்லாரும் இருப்போம்."

அவள் குரலில் கோபம் இருந்தது. அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்து அறைதான் வாசிகசாலை. உள்ளே போனபோது இருபது பேருக்கு மேல் இருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள், தமிழ் விளங்கும் சிங்களப் பெண்கள் சிலரும். நடு மேசையில் என் புத்தகம் கிடந்தது. இருந்தது அந்த ஒரு பிரதிதான். ஒருத்தி உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். அட்டை கழன்று, ரப்பர் பால் காய்ந்த கைரேகைகள் பக்கம் பக்கமாகப் படிந்திருந்தன. அவ்வளவு உழைத்த ஒரு பிரதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பெருமையாக இருந்தது. சிரித்துக்கொண்டே கேட்டேன், "வேலை நாள்ல இத்தன பேரா? எல்லாரும் லீவு போட்டீங்களா?"

அறை முழுவதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

"மழைடி," என்றாள் தோழி.

"அது தெரியுது."

"மழையில யாருடி பால் வெட்டுவா?"

மரம் நனைந்தால் பால், பட்டையில் சீவிய காடியில் ஓடாது, மரம் முழுக்கப் பரவி வீணாகிவிடும். பால் ஏந்தும் சிரட்டையில் மழைத்தண்ணீர்தான் நிறையும். மரத்துக்குப் பொலித்தீன் கட்டி மழையிலும் வெட்டும் தோட்டங்கள் உண்டு, எங்கள் தோட்டம் அதில் சேர்த்தியில்லை. விடியும்போது மழை என்றால் அன்று பால்வெட்டு இல்லை. அவர்கள் வாசிப்பதெல்லாம் அப்படிப்பட்ட காலைகளில்தான். என் அம்மாவும் அப்பாவும் பால் வெட்டியவர்கள். மழைக்காலையில் அவர்கள் வீட்டில் இருப்பார்கள் என்று சந்தோஷப்பட்டுத் தூங்கிய பிள்ளை நான். பதினைந்து வருடக் கந்தோர் வாழ்க்கையில் மழை எனக்குக் குடையாகவும் பிந்திய பஸ்ஸாகவும் மட்டும் ஆகிவிட்டிருந்தது.

தோழி விடவில்லை.

"ஒன் சாட்சிக்காரன் என்னா சொல்றான்? கொட்டுற மழையில மேல் வரிசையில பால் வெட்டிக்கிட்டு இருந்தேங்கிறான். பச்சப் பொய்! அவந்தான் கொலைகாரன். நாப்பதாம் பக்கத்துலயே நாங்க புடிச்சிட்டோம். நீ எப்ப அவன மாட்டி விடுவ, எப்ப மாட்டி விடுவேன்னு மூனு மழைக்குக் காத்துக் கெடந்தோம். நீ என்னாடான்னா பாவம் அந்த ஸ்டோர்காரன உள்ள தள்ளிட்டு முற்றும்னு போட்டுட்ட!"

"அவன் ஒன்னும் பொய் சொல்லல," என்றாள் ஜன்னலோரம் நின்ற ஒருத்தி. "மழையில வெட்டுறது பேய் மட்டுந்தான்னு ரெண்டாவது பாடத்துலயே இருக்கு. அப்ப சாட்சி சொன்னவந்தான் பேய்."

"பேய் கோட்டுக்குச் சாட்சி சொல்ல வருமா?"

"இந்தப் புத்தகத்துல வரும். பேயே ஒரு பாடம் சொல்லுதே, கோட்டுக்கு வர ஏலாதா?"

அறை இரண்டாகப் பிரிந்தது. பொய்க்காரன் கட்சி, பேய்க் கட்சி. சிங்களத்திலும் தமிழிலுமாக மாறி மாறிக் கத்தினார்கள். டவுனில் யாருக்கும் தோன்றாத ஒன்றை வைத்துக்கொண்டு, என் கதையை என்னைவிட நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இரு கட்சியும் என் பக்கம் திரும்பியது.

"நீயே சொல்லு. வேணும்னுதானே அப்படி எழுதுன?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அன்று என்னைத் தோளில் தூக்கி வைத்திருப்பார்கள். தோழியின் முகத்தைப் பார்த்தேன். அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை.

"இல்ல. நான் மறந்துட்டேன். பேய் சும்மா பயங்காட்ட வந்துச்சு. மழையும் சும்மா பயத்துக்குத்தான் பெஞ்சுச்சு. அந்தாளு மழையில வெட்ட முடியாதுன்னு எனக்குத் தோணவே இல்ல."

வெட்கத்தில் முகம் எரிந்தது. பிறகு யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், அதைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

"சரி, இப்ப ஞாபகம் வந்துருச்சில்ல? மாத்தி எழுது," என்றாள் தோழி.

அப்போதுதான் பதிப்பாளரின் நிபந்தனையைச் சொன்னேன். பேயை எடுக்கப் போகிறேன் என்றதும் பேய்க் கட்சி கொதித்தது. அவர்களுக்கு முன்னால் எழுந்தவள் பொய்க்காரன் கட்சித் தலைவியான என் தோழிதான்.

"பேய எடுத்தியோ, கத முடிஞ்சிச்சு. மழையில உசுரோட உள்ளவன் வெட்ட மாட்டான், பேய்தான் வெட்டும். அது இருந்தாத்தானே டவுன்காரனுக்குக் கொஞ்சமாச்சும் வெளங்கும்? கொலைகாரனக் காட்டிக் குடுக்குறதே பேய்தான்டி!"

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஐந்து வருடமாக நான் எழுதிய நாவல் எதுவென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கடைசி மூன்று அத்தியாயங்களை மட்டும் மாற்றினேன். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அனுப்பி வைத்தேன். பேயும் இருக்கும், கொலையும் இருக்கும், காதலும் இருக்கும், பிடித்தால் போடுங்கள் என்று மேலே எழுதினேன். பேனையை அழுத்தியதில் தாள் கிழிந்தது.

நான்காம் நாள் பதிப்பாளர் பேசினார்.

"மிஸ், நான் ரெண்டு விதமாவும் எடுத்துப் பார்த்தேன். பேய எடுத்தா கொலை நிக்க மாட்டேங்குது. கொலைய எடுத்தா பேய்க்கு வேலை இல்ல."

"அப்ப எந்த அலுமாரியில வைப்பீங்க?"

"வாசல்ல வைக்கிறேன்," என்றார். ரிசீவரை வைத்துவிட்டுக் கந்தோர் என்றும் பாராமல் ஒரு குதி குதித்தேன். பக்கத்து மேசைக்காரி பயந்து எழுந்தேவிட்டாள்.

புதிய பதிப்புக்கும் கலவையான அபிப்பிராயங்கள்தான். பெரிய மனிதருக்கு இன்னும் வருத்தம் தீரவில்லை. கடைக்காரர் முழுதாக வாசித்துவிட்டு, நீதிமன்றத்தில் அந்தச் சாட்சி எந்த இடத்தில் மாட்டினான் என்று விளங்கவில்லை, மறுபடியும் பேயிலிருந்து வாசிக்கப் போவதாகச் சொன்னார். நான் விளக்கவில்லை. முன்பு போலக் கோபமும் வரவில்லை.

வாசிகசாலைக்குப் பத்துப் பிரதிகளைக் கொண்டு போனேன், மழைக்காகக் காத்திருந்து, ஒரு மழைக்காலையில். தோழி எழுந்து கடைசி அத்தியாயத்தை உரக்க வாசித்தாள். வக்கீல் கேட்கிறார், அன்று காலை மழை பெய்ததா என்று. நல்ல மழை ஐயா, என்கிறான் சாட்சி. அந்த மழையில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? பால் வெட்டிக்கொண்டிருந்தேன் ஐயா.

அதற்கு அடுத்த வரியாக, நீதிமன்றத்தின் பின்வரிசையிலிருந்து தோட்டத்துப் பெண்கள் சிரித்தார்கள் என்று எழுதியிருந்தேன். என் தோழியால் அந்த வரியை வாசிக்க முடியவில்லை. அதற்குள் அறை முழுவதும் சிரித்துவிட்டது.