டிக்கெட் சன்னலில் இஞ்சி டீ

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ரயில்வே ஸ்டேஷனை ரயில்தான் கைவிட்டதே தவிர, ஊர் கைவிடவில்லை. பாதையை அகலப்படுத்தியபோது தண்டவாளம் தள்ளிப் போய்விட்டது. முதலில் ஆடுகள் குடியேறின. பிறகு பனியன் வேஸ்ட் மூட்டைகள். தேர்தல் வந்தால் கட்சி ஆபீஸ். கடைசியில், டிக்கெட் கொடுத்த சன்னலில் சாரதாமணி டீ கொடுக்க ஆரம்பித்தாள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அந்தச் சன்னலில் நேரத்துக்குக் கிடைத்த ஒரே சங்கதி அவள் டீதான்.

புருஷன் போன பிறகு அவளுக்கு வேறு பிழைப்பும் கிடையாது. அதனால், திருப்பூர் எக்ஸ்போர்ட்டர் தீனதயாளன் கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்து 'பாரம்பரிய காபி ஷாப்' வைக்கப்போகிறார் என்றதும் தினமும் வேலை நடக்கிற இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

மனுஷன் பழைய சுவரைச் சுரண்டிவிட்டுப் புதுப்பூச்சு பூசினார். ஐயோ, புதுசாகத் தெரிகிறதே என்று ஆள் வைத்து உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கினார். புதுத்துணியை வெளுக்க வைத்து விற்கிறவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா? மழைக்கறைகூட, தன்னிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் படம் அனுப்பி, அவர் ஓகே சொன்ன நிறத்தில்தான் சுவரில் இறங்கியது.

"நம்ம டீக்கடை என்னாகுமுங்க?" என்று கேட்டாள் சாரதாமணி.

"ஒரு சேம்பிள் போடுங்கக்கா. பையர் வர்றாரு. அப்ரூவ் ஆகட்டும், பாத்துக்கலாமுங்க."

பையர் வந்தார். இஞ்சி தட்டிப் போட்ட டீயை இரண்டு டம்ளர் குடித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கினார். அப்புறமென்ன, ஆர்டர் கைக்கு வந்துவிட்டதென்று சாரதாமணிக்குத் தலைகால் புரியவில்லை. வளர்த்த ஆட்டை விற்றுப் பெரிய பாய்லர் வாங்கினாள். பழனி முருகனுக்குத் தேங்காயும் உடைத்தாள்.

திறப்பு விழாவன்று பாய்லரோடு ஆட்டோவில் போய் இறங்கினாள். டிக்கெட் சன்னலில் ஒரு மெஷின் நின்றது. பொத்தானை அமுக்கினால் இஞ்சி டீ வந்தது. மேலே 'சாரதாமணி டீ' என்று பலகை. அதில் விபூதி நெற்றியோடு அவள் படம்.

தீனதயாளன் சிரித்தபடி வந்தார். "உங்க சேம்பிள் அருமைங்கக்கா. பல்க் ஆர்டர வேற யூனிட்டுக்குக் குடுத்துட்டமுங்க. வெல கட்டுபடியாகோணுமல்லீங்க."

சேம்பிள் போட ஒருத்தர், மொத்த ஆர்டர் விலை குறைத்தவருக்கு. திருப்பூரில் கைக்குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். டீக்கும் அது உண்டென்று இவளுக்குத்தான் தோன்றாமல் போய்விட்டது.

"வந்தது வந்தீங்க, ஒரு டீ குடிச்சுட்டுப் போங்கக்கா."

வாங்கிக் குடித்தாள். ஒரு குறை சொல்லலாமென்று பார்த்தாள், முடியவில்லை. அதே இஞ்சி, அதே பக்குவம், அவள் டீயேதான்.