வீட்டுக்குப் போன எண்ணெய்

"...அதெல்லாஞ் சரிங்க, ரெண்டு டின் எண்ணெய் குறையுதே, ஊட்டுக்குக் கொண்டுபோனீங்களா?" என்று அவர் கேட்டதும் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்து, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

"நான் களவெடுக்கலைங்க ஐயா! வீட்டுச் சமையலுக்குத்தாங்க எடுத்தேன்!"

நெல்லியாளம் பக்கத்துச் சின்னக் கடைகளுக்கெல்லாம் வரிக் கணக்கு எழுதுகிறவர் அவர். ஒல்லியான உடம்பு, காதை மூடிய மப்ளர். கூட்டல் சரியாக வந்தால் தனக்குத் தானே 'சபாஷ்' சொல்லிக்கொள்வார். ஊரில் கணக்குப்பிள்ளை என்பார்கள். அந்தப் பெயரே எனக்கு நடுக்கம். சிலோன் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்றால் எங்களை வேலை வாங்கும் அதிகாரி. அவர் கேள்வி கேட்டால் எழுந்து நிற்க வேண்டும். ஒரு சுள்ளி வீட்டுக்குப் போனாலும் அன்றைய பெயரை வெட்டிவிடுவார்; அன்றைக்குக் கூலி கிடையாது.

இங்கே வந்து, தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த கடனில் கடை வைத்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் வரி ஆபீசிலிருந்து நோட்டீஸ். கணக்கு ஒத்துவராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

"உங்க கடை, உங்க எண்ணெய். இதுல களவு எங்கீங்க வந்துச்சு? ஊட்டுக்கு எடுத்ததை எழுதாம உட்டா, அதையும் வித்துட்டீங்கன்னு வரி போடுவாங்க, அவ்வளவுதான். உக்காருங்க."

"ஐயா கேக்கயில உக்கார ஏலாதுங்க."

அவர், 'முதலாளி வீட்டுக்கு எடுத்தது, எண்ணெய் இரண்டு டின்' என்று எழுதி, கூட்டிப் பார்த்து, "சபாஷ், நேராயிடுச்சு" என்றார்.

"முதலாளி யாருங்க ஐயா?"

"ஏனுங்க, உங்களத்தானுங்க! முதலாளி நிக்கையில நான் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லி, பேனாவை மூடி வைத்துவிட்டு அவரும் எழுந்து நின்றுகொண்டார்.