ஏழாம் நம்பர் காட்டில் பெர்சியின் போன்

வண்டிப்பெரியாரிலிருந்து ஜீப்பில் இருபது நிமிஷம் ஏறினால் வரும் தேயிலை எஸ்டேட்டில் பெர்சிக்கு இது இருபத்தாறாவது வருஷம். பத்தொன்பது வயசில் கல்யாணமாகி தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு வந்தவள், மறுவாரமே கொழுந்தெடுக்கப் போய்விட்டாள். புருஷன் சிலுவைராஜ் பேக்டரியில் மெஷின் ஓட்டுகிறவன், வாயைத் திறக்காத மனுஷன். அதனால் வீட்டுக்கான பேச்சு மொத்தத்தையும் அவளே பேசித் தீர்ப்பாள்.

போன கிறிஸ்துமஸுக்கு மகள் டின்சி எர்ணாகுளத்திலிருந்து ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கி வந்தாள். பிள்ளை அங்கே நர்ஸ். போன் மெல்லிசு என்றால் அப்படி ஒரு மெல்லிசு. பெர்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதென்னட்டி, நடுவுல இருந்ததை எடுத்துட்டுக் குடுத்துட்டானா?"

"அம்மா, இப்ப இதுதான் எல்லாரும் கேக்கது. கையில வச்சா கனமே தெரியாது."

பிள்ளை சொன்னது பொய்யில்லை. பழைய போன் இடுப்பில் இருந்தால் குனிந்து நிமிரும்போதெல்லாம் வயிற்றில் குத்தும். இது இருப்பதே தெரியாது. உச்சி வெயிலிலும் திரையில் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. கேமராவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எதிர் மலைச்சரிவில் நடக்கிறவள் கட்டியிருப்பது யார் சேலை என்று இங்கிருந்தே சொல்லலாம். பெர்சி சொல்லவும் செய்தாள், அதனால் லயத்தில் ரெண்டு சண்டை வந்தது.

குறையும் இல்லாமல் இல்லை. காலையில் முழுசாய் சார்ஜ் ஏற்றினாலும் மத்தியானத்துக்குள் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். இயர்போன் மாட்ட ஓட்டையே கிடையாது. ரேடியோ கேட்டபடி கொழுந்தெடுத்துப் பழகினவளுக்கு அது பெரிய வயிற்றெரிச்சல். இலைச்சாறு பட்ட ஈர விரலால் தொட்டால் திரை அசையவே அசையாது. கொஞ்ச நேரம் வீடியோ எடுத்தாலோ முதுகு தோசைக்கல்லாய்க் காயும். அத்தனை மெல்லிசில் சூடு எங்கே போகும், பாவம்.

மழை பிடித்த மாசம், பக்கத்து வீட்டு செபமாலையம்மாளின் சினைப்பசுவைப் புலி அடித்தது. ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டுக்கு மேலே பாதி உடம்பு கிடந்தது. செபமாலையம்மாள் ரெண்டு நாள் சோறு தின்னவில்லை. அந்தக் காட்டில்தான் பெர்சி உட்பட இருபத்திரண்டு பொம்பளைகள் தினமும் இடுப்பளவு செடிக்குள் குனிந்து நிற்கவேண்டும். பாரஸ்ட்காரர்களிடம் சொல்லிப் புலியைப் பிடிக்கக் கூடு வையுங்கள், அதுவரை வேறு காட்டுக்கு அனுப்புங்கள் என்று பீல்டு ஆபீசர் ஜோஜோவிடம் கேட்டார்கள். அவர் சிரித்தார்.

"நாயாயிருக்கும். புலிதான்னா ஒரு படம் கொண்டுவாங்க. படம் இல்லாம நான் யாருகிட்ட போய்ப் பேச?"

பெர்சிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படம்தானே, எடுத்துக் காட்டுகிறேன் பார் என்று எல்லார் முன்னாலும் போனைத் தூக்கிக் காட்டினாள்.

மறுநாள் அவள் செய்த ஏற்பாட்டை என்னவென்று சொல்ல! எஸ்டேட் ஆட்களுக்கு எதையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றாவிட்டால் உயிர் நிற்காது. சோறு, வெற்றிலை, தீப்பெட்டி, பைபிள்கூட கவருக்குள்தான். புலி வரும் நேரத்தில் ஈர விரலோடு திரையைத் தடவிக்கொண்டு நிற்க முடியுமா? அதனால் காடு ஏறியதும், கை காய்ந்திருக்கும்போதே வீடியோவை ஓடவிட்டாள். ஓடுகிற போனை ரெண்டு கவரில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு, மழைக்கு இடுப்பில் கட்டும் படங்குக்குள் செருகிக்கொண்டாள். வந்தால் கவரைப் பிரித்து நீட்டினால் போதும். தன் மூளையை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

தூறல் நின்று வெயில் சுள்ளென்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் செபமாலையம்மாள் கொழுந்து வெட்டும் கத்தரியைக் கீழே போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தாள். மேலே பாறையில் புலி. ஈரம் காயப் படுத்திருக்கிறது. வால் நுனி மட்டும் அசைகிறது. நடுவில் பத்து வரிசைச் செடிகூட இல்லை.

பெர்சி கவரைப் பிரித்தாள். கையில் வைக்க முடியாத சூடு. வீடியோ எப்போதோ நின்றிருந்தது. போன் ரொம்பச் சூடாக இருக்கிறது, ஆறினால்தான் கேமரா திறக்கும் என்று திரையில் எழுத்து. ஊதினாள், சேலையில் தேய்த்தாள். புலி எழுந்து, உடம்பை நெளித்து, அவசரமே இல்லாமல் பாறைக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போனது. ராத்திரி பார்த்தால், நின்றுபோன வீடியோவில் ஒரே இருட்டு. அவள் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தில் ஜோஜோ கேட்டார்.

"படம் உண்டோ சேச்சி?"

"இல்ல சாரே. ஆனா பாத்தேன்."

"பாத்தேன்னு எல்லாரும்தான் சொல்லும். ஏழாம் நம்பருக்கு நடங்க. இங்கயே நிக்கிறவங்களுக்கு ஆப்சென்ட்."

மற்ற இருபத்தொரு பேரும் பெர்சியைப் பார்த்தார்கள். போனைக் காட்டி வாய் அடித்தவள் அவள்தானே. அவமானத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

"சரி, போறோம்" என்றாள். எல்லாரும் நடந்தார்கள். பேர்ப்பட்டியலைக் கையில் பிடித்தபடி ஜோஜோவும் பின்னால் வந்தார். ஏழாம் நம்பரில் செடி தொடங்கும் இடத்தில் பெர்சி ஒதுங்கி வழி விட்டாள்.

"நீங்க முன்னால போங்க சாரே. நாய்தானே. அந்தப் பாறை வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க. வந்ததும் நாங்க இறங்குதோம்."

ஜோஜோ செடிகளைப் பார்த்தார். மேலே பாறையைப் பார்த்தார். ஷூவில் ஒட்டாத சேற்றை ஒரு கல்லில் தேய்த்தார். பிறகு பட்டியலைத் திறந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"இன்னைக்கு எல்லாரும் மூணாம் நம்பர்."