வைக்கோல் கன்றின் காது வில்லை

எண்பதுகளில் விழுப்புரத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டறையில் வேலை பார்த்தேன். மாடுகளின் காதில் மாட்டும் எண் வில்லைகளைச் செய்துகொண்டிருந்தோம். அவை வெயிலில் வெளுக்கின்றனவா, சுண்ணாம்புத் தண்ணீரில் வெடிக்கின்றனவா என்று சோதிப்பது என் வேலை. மொட்டைமாடியில் காயவைப்பது போதாதென்று, ஊர் மாடுகளுக்கும் மாட்டிப் பார்க்கச் சொன்னார் முதலாளி. எங்கே போனாலும் நான் வில்லையைத்தான் பார்ப்பேன். மாட்டைப் பார்க்கும் வழக்கம் எனக்குக் கிடையாது.

ஒலக்கூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நாங்கள் வில்லை மாட்டிய கன்று செத்துவிட்டது. தாய்ப்பசுவுக்குப் பால் வற்றிவிடும் என்று, கன்றின் தோலை உரித்து வைக்கோல் அடைத்து, மூங்கில் கால்களில் நிறுத்தியிருந்தார்கள். காதில் எங்கள் வில்லை அப்படியே இருந்தது. பசு அந்தக் கன்றை நக்கினால்தான் பால் இறங்கும். அந்த வீட்டு அம்மாவின் மகள் பிரசவத்துக்கு வந்தவள். அவளுக்குத் தாய்ப்பால் இல்லை. கைக்குழந்தைக்கு இந்தப் பால்தான்.

வில்லையைத் தொட்டுப் பார்த்தேன். மற்ற மாடுகளில் பளிச்சென்று இருந்த எண், இதில் அடையாளமே தெரியாமல் தேய்ந்திருந்தது. முதலாளியிடம் காட்ட வேண்டும் என்று கேட்டேன். "எட்துக்கினு போங்க சார், அதுக்குத் தோலுதானே வேணும்" என்றார் அந்த அம்மா. காதோடு கத்தரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கறக்கும் நேரம். பசு கன்றை முகர்ந்தது, நக்கவில்லை. கயிறு எட்டிய மட்டும் இழுத்துக்கொண்டு என்னிடம் வந்து, சட்டைப்பையை நக்கத் தொடங்கியது. காம்புகளில் பால் தானாகச் சொட்டியது. நான் ஓரடி பின்வாங்கினேன். அந்த அம்மா அசராமல் சொம்போடு உட்கார்ந்தார்.

"ஆடாம நில்லுங்க சார். பால் இறங்குது."

சொம்பு நிறையும்வரை நின்றேன். பிறகு, பயந்துபோய், வில்லையைக் கன்றின் தலையிலேயே கட்டினேன். பசு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தே கத்தியது. உள்ளே குழந்தை அழுதது.

"காலைல கறக்க என்னாங்க பண்றது?" என்றார் அம்மா.

சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பனியனோடு திண்டிவனம் பஸ் ஏறினேன்.

அடுத்த முறை போனபோது குழந்தை நன்றாகத் தேறியிருந்தது. வைக்கோல் கன்றுக்கு என் சட்டையைப் போட்டு, பொத்தான்களைக்கூட மாட்டியிருந்தார்கள். கிழிந்துபோன பையைப் பசு கண்மூடி நக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். அது என்னை யாரென்றுகூடப் பார்க்கவில்லை.